டெல்லியில் .22 பிஸ்டல் வாங்கலாமா?

தம்பி, கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். டெக்சாஸில் இருக்கும் உங்கள் அத்தான் மலிவாக ஒரு .22 பிஸ்டல் (குழல் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) வாங்கி ஞாயிற்றுக்கிழமை தோறும் குறி பார்த்துச் சுட்டுப் பழகுகிறாராம். டெல்லியில் நாமும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆர்.கே.புரத்தில் 22 வருடமாக இருக்கிறேன். வந்த புதிதில் எனக்கும் இதே ஆசை இருந்தது.

அத்தானுக்கு அது சுலபம். 1949-ல் ரூகர் என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனி தன் முதல் .22 பிஸ்டலை 37.50 டாலருக்கு விற்றது. சின்னத் தோட்டா, மலிவான துப்பாக்கி என்ற வழக்கம் அங்கே அவ்வளவு பழசு. இங்கே கதையே வேறு. 1980-களின் நடுவிலிருந்து தனியார் யாரும் துப்பாக்கி இறக்குமதி செய்ய முடியாது, பேர் பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அதனால் நல்ல வெளிநாட்டு பிஸ்டல் கைமாறும்போது விலை லட்சங்களில் நிற்கும். லைசென்ஸ் டெல்லி போலீஸிடம் வாங்க வேண்டும். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள்: 1959-ம் வருட ஆயுதச் சட்டம், அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப் உறுப்பினர் குறிப் பயிற்சிக்குக் கேட்டால் என்று தனியாகச் சலுகை சொல்வது .22 ரைபிளுக்குத்தான். பிஸ்டலுக்கு இல்லை.

யாராவது உ.பி. பக்கத்து ‘கட்டா’ (கள்ளத்தனமாகச் செய்த நாட்டுத் துப்பாக்கி) சல்லிசாகக் கிடைக்கும் என்று காதில் ஓதினால் அந்த இடத்தில் நிற்காதீர்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி கையில் இருந்தாலே 2 முதல் 5 வருடம் வரை சிறை. வேலை போகும், ஊரில் அப்பா அம்மா தலைகுனிவார்கள். அந்த நாட்டுத் துப்பாக்கி சுடுகிறவன் கையிலேயே வெடித்துவிடவும் கூடும்.

நான் உங்களுக்குச் சொல்வது காற்றழுத்தத்தில் சுடும் 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல். 20 ஜூலுக்குக் கீழே சக்தி உள்ளதற்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் உடனே வாங்காதீர்கள். முதலில் துக்ளகாபாத்தில் இருக்கும் கர்ணி சிங் ரேஞ்ச் பக்கம் போய், பயிற்சிக்கு எப்படிச் சேர்வது என்று விசாரியுங்கள். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டியது. பத்து மீட்டர் தூரத்தில் குறி அட்டையைப் பார்த்தால் புரியும்: பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ., சட்டைப் பொத்தான் அளவுதான்.

என் முதல் வாரம் முழுக்க பெல்லட்டே (ஏர் பிஸ்டலின் சின்னக் குண்டு) கிடையாது. கோச் குழலின் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, விழாமல் ட்ரிகரை இழு என்றார். விரல் வெடுக்கென்று இழுத்தால் காசு தரையில் உருளும். சும்மா தள்ளுகிற மாதிரி, மூச்சைப் பாதி விட்டு, குழல் நுனியில் இருக்கும் முன் குறியை மட்டும் பார்த்துக்கொண்டு மெல்ல அழுத்தினால் காசு அசையாது. அட்டை மங்கலாகத் தெரியட்டும், முன் குறி மட்டும் கூர்மையாகத் தெரிய வேண்டும். நாலாம் நாள் சாயங்காலம் அந்தக் காசு பத்துத் தடவை தொடர்ந்து நின்றபோது எனக்கு வந்த சந்தோஷம் இன்றும் நினைவிருக்கிறது. (அத்தானிடம் சொல்லுங்கள், .22-ல் இப்படி வெறும் குழலோடு பழகக் கூடாது. அதன் தோட்டாவில் பற்றுமருந்து அடிவிளிம்பில் இருக்கும். தோட்டா இல்லாமல் தட்டினால் பல பிஸ்டல்களில் தோட்டாவைத் தட்டும் ஊசி, தோட்டா உட்காரும் அறையின் ஓரத்திலேயே இடித்துத் தேய்த்துவிடும்.)

ஆறு மாதம் பழகி கை ஆடாமல் நின்ற பிறகு உள்நாட்டுத் தயாரிப்பில் ஒரு ஏர் பிஸ்டல் வாங்குங்கள். போட்டிகளுக்கான வெளிநாட்டு ஏர் பிஸ்டல் லட்சத்தைத் தாண்டும், இப்போதைக்கு வேண்டாம். .22 மேல் ஆசை அப்போதும் இருந்தால், .22 பிஸ்டலில் சுடும் 25 மீட்டர் போட்டிப் பிரிவில் கிளப் துப்பாக்கியில் சுட வழி உண்டா என்று கோச்சிடமே கேளுங்கள்.

வாங்கியதைப் பையில் போட்டு மெட்ரோவில் ஏறாதீர்கள், சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள். ரேஞ்ச் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் டப்பாவைத் திறக்க வேண்டாம். பெல்லட் ஈயத்தில் செய்தது.