தண்ணீர் கறுத்ததா, கம்பி கரைந்ததா?

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீரைத்தான் காய்ச்சிக் குடிக்கிறோம். போன வாரம் ஆர்.ஓ. மெஷின் விற்க ஒருவர் வந்தார். எங்கள் தண்ணீரை ஒரு டம்ளரிலும் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரை இன்னொன்றிலும் ஊற்றி, கம்பிகள் வைத்த ஒரு கருவியை இரண்டிலும் விட்டு பிளக்கில் செருகினார். ஒரே நிமிடத்தில் எங்கள் தண்ணீர் சாக்கடை போலக் கறுத்து, மேலே நுரையும் கசடுமாக மிதந்தது. அவருடையது அப்படியே இருந்தது. மீட்டரில் எங்களுக்கு 640, அவருக்கு 40. "500ஐத் தாண்டினால் விஷம், உங்கள் அம்மாவுக்குக் கிட்னியில் கல் வந்ததே இதனால்தான்" என்றார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வாங்கினால் தள்ளுபடியாம். என்ன செய்வது?
- வாசகி, திருச்சி

பதில்: முதலில், பயத்தை இறக்கி வையுங்கள். அந்த டம்ளரில் நீங்கள் பார்த்த கசடு உங்கள் தண்ணீரில் இருந்ததல்ல. அவருடைய கம்பியிலிருந்து வந்தது.

அந்தக் கருவியில் இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும் இருக்கும். தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். பாயும்போது பாசிட்டிவ் பக்கத்துக் கம்பி கரைந்து, பச்சையும் பழுப்பும் கறுப்புமாக இரும்பின் ஹைட்ராக்சைடு திரளும். நுரை என்பது நெகட்டிவ் கம்பியில் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழ்கள். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது, அதனால் தெளிவாகவே நிற்கிறது. இளநீரில் அதே கம்பிகளை விட்டாலும் நிறம் மாறிக் கலங்கும். இளநீரை அழுக்கு என்று யாராவது சொல்வோமா?

கணக்குப் போட்டாலும் இது புரியும். மீட்டர் 640 காட்டினால் ஒரு லிட்டரில் சுமார் 0.6 கிராம் உப்புகள். 200 மில்லி டம்ளரில் அது கால் கிராமில் பாதிதான். ஒரு லிட்டரை எவர்சில்வர் பாத்திரத்தில் முழுக்க வற்றவிட்டுப் பாருங்கள். அடியில் மெல்லிய வெள்ளைப் படிவுதான் நிற்கும். டம்ளர் நிறைய மிதந்த கறுப்புக் கசடு அதில் எங்கே ஒளிந்திருந்தது?

இப்படி எந்த டெமோ காட்டினாலும் ஒன்றைக் கேளுங்கள்: நல்ல தண்ணீரை வைத்தால் இந்தச் சோதனை என்ன காட்டும்? அவர் மறுபடி வந்தால், கருவியை எடுக்கும் முன் அவருடைய ஆர்.ஓ. டம்ளரில் உங்கள் வீட்டு உப்பு ஒரு சிட்டிகை போட்டுக் கலக்குங்கள். சமையலுக்குப் போடும் அதே உப்பு. பிறகு கம்பியை விடச் சொல்லுங்கள். கறுத்துவிடும். (அது நேரே வீட்டு மின்சாரத்தில் ஓடும் கருவி. செருகியிருக்கும்போது டம்ளரையோ தண்ணீரையோ தொடாதீர்கள், குழந்தையைத் தள்ளி வையுங்கள்.)

அவர் வராவிட்டாலும் நீங்களே செய்யலாம். ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு ஒயர், பூச்சு இல்லாத இரண்டு இரும்பு ஆணி போதும். கேன் தண்ணீர் ஒரு டம்ளர், அதே கேன் தண்ணீரில் உப்புச் சிட்டிகை போட்டது இன்னொரு டம்ளர். ஆணிகள் ஒன்றையொன்று தொடாமல் பத்து நிமிடம் வையுங்கள். உப்பில்லாததில் பெரிதாக ஒன்றும் நடக்காது. உப்புத் தண்ணீர் பச்சை கலந்த பழுப்பாகக் கலங்கும். பிறகு ஆணிகளைத் துடைத்துப் பாருங்கள்: பாசிட்டிவில் இருந்தது அரித்திருக்கும், நெகட்டிவில் இருந்தது அப்படியே இருக்கும். அழுக்கு எங்கிருந்து வந்தது என்பதை அந்த ஆணியே சொல்லிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

அடுத்து மீட்டர். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தில் (ஐ.எஸ். 10500) டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, மீட்டர் காட்டும் எண் இதுதான்) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி. அதனால் 640 விஷம் அல்ல. ஆனால் 40 என்றால் பாதுகாப்பானது என்றும் ஆகிவிடாது. அந்த மீட்டர் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை மட்டும் அளந்து எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. கேன் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து மீட்டரை விட்டுப் பாருங்கள், எண் அநேகமாக ஏறாது. கிருமியும் பூச்சிமருந்தும் அப்படித்தான், அதன் கண்ணில் படாது. மழைக்காலத்தில் கழிவுநீர் கொஞ்சம் கலந்தாலும் எண்ணில் பெரிய மாற்றம் இராது. வயிற்றுப்போக்கைக் கொண்டுவருவதோ அந்தக் கழிவுநீரிலுள்ள கிருமிதான்.

அம்மாவின் கல்லைச் சொல்லிப் பயமுறுத்தியதுதான் எனக்கு வருத்தம். உங்கள் தெருவில் அதே தண்ணீரைக் குடித்துக் கல் வராதவர்கள் எத்தனை பேர், ஆர்.ஓ. குடித்தும் கல் வந்தவர்கள் எத்தனை பேர் என்று அவர் எண்ணிப் பார்த்தாரா? கல்லுக்கு நன்கு தெரிந்த காரணங்களில் ஒன்று, தண்ணீர் போதாமல் குடித்து சிறுநீர் அடர்த்தியாவது. தண்ணீருக்குப் பயந்து அம்மா குறைவாகக் குடித்தால்தான் ஆபத்து. அவர் எவ்வளவு குடிக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனை சொன்னதால் ஆர்.ஓ. வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல், நைட்ரேட் 45க்கு மேல், அல்லது வாயில் வைக்க முடியாத உப்பு என்றால் ஆர்.ஓ. உண்மையிலேயே உதவும். காய்ச்சுவதால் இவை போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு நிஜமான பிரச்சினை. கிருமி மட்டும்தான் கவலை என்றால், நீங்கள் இப்போது செய்வதே போதும்: தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு, மூடி ஆறவைத்து, கைபடாமல் எடுத்துக் குடிப்பது. ஆர்.ஓ. மெஷின் பெரும்பாலும் நல்ல தண்ணீரைவிட அதிகத் தண்ணீரைக் கழிவாக வெளியேற்றும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எது உங்கள் நிலை என்று பரிசோதனைக்கூடம்தான் சொல்லும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடங்களில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். உப்புகளுக்கு, இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். கிருமிக்கு, கூடத்திலேயே கிருமிநீக்கிய பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள், அதை அலசக் கூடாது. குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறம் விரல் படாமல் பிடித்து, ஐஸ் வைத்த பையில் போட்டு ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். இதில்தான் பலரும் தவறுவார்கள்: மாலையில் பிடித்து இரவெல்லாம் வெளியே வைத்துவிட்டு மறுநாள் கொடுத்தால், பாட்டிலுக்குள் கிருமி பெருகியோ செத்தோ போய், உங்கள் குழாயைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஈ.கோலை (மலக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் கிருமி), நைட்ரேட், ஃபுளோரைடு, கடினத்தன்மை இந்த நான்கையும் கேட்டு எழுதுங்கள். முடிவு கைக்கு வரும்வரை ஞாயிற்றுக்கிழமைத் தள்ளுபடி போனால் போகட்டும்.