நீர் தூயது, உயிர்கள் எங்கே?

கேள்வி: எங்கள் ஆற்று நீரைப் பரிசோதித்ததில் ஆக்சிஜன், நைட்ரேட், கார அமில நிலை எல்லாம் சரியான அளவில் இருப்பதாக முடிவு வந்தது. ஆனால் ஆற்றடியை வலையால் அரித்துப் பார்த்தால் சிவப்புப் புழுக்களே மிகுதியாகக் கிடைக்கின்றன. பரிசோதனை தவறா?

பதில்: தவறாக இருக்க வேண்டியதில்லை. நீர் மாதிரி, அதை எடுத்த வேளையின் நிலையை மட்டுமே காட்டும். ஆற்றடிப் பூச்சிகளின் இளம்பருவமோ மாதக்கணக்கில் நீருக்குள் கழிகிறது. ஸ்டோன்ஃப்ளை என்னும் பூச்சியின் இனங்கள் சிலவற்றுக்கு அது ஓராண்டையும் தாண்டும். பாசி மண்டிய ஆற்றில் பகலில் நிறைந்திருக்கும் ஆக்சிஜன் விடியலுக்கு முன் வெகுவாகக் குறையலாம். பகலில் எடுத்த மாதிரியில் அது தெரியாது. அங்கேயே வாழும் உயிர்கள் தப்ப முடியாது. சிவப்புப் புழுக்கள், அதாவது கைரோனாமிட் ஈக்களின் இளம்புழுக்கள், உடலில் ஹீமோகுளோபின் கொண்டிருப்பதால் அந்த நிலையையும் தாங்குகின்றன.

எனினும், நான் முதலில் ஐயுறுவது ஆற்றின் அடித்தளத்தைத்தான். கூழாங்கற்களுக்கு இடையிலுள்ள சந்துகளில்தான், தூய நீரின் அடையாளமாகப் பொதுவாகக் கருதப்படும் மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை ஆகிய பூச்சிகளின் இளம்பருவங்கள் ஒண்டுகின்றன, மேய்கின்றன, ஓடும் நீரிலிருந்து ஆக்சிஜனைப் பெறுகின்றன. கரை அரிப்பாலோ மணல் அள்ளுவதாலோ வண்டல் படிந்து அந்தச் சந்துகள் அடைபட்டால், நீர் எவ்வளவு தூயதாக இருந்தாலும் அவை அங்கே தங்குவதில்லை. சேற்றில் வாழப் பழகிய புழுக்களே எஞ்சுகின்றன. கரையோர மரங்களை வெட்டினால் இழப்பு இருமடங்காகிறது. உதிர்ந்த இலைகளைத் தின்று வாழும் இனங்கள் உணவை இழக்கின்றன. நிழல் போவதால் நீரும் சூடாகிறது. 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையக்கூடிய நன்னீரில், 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராமே கரையும்.

கேள்வி: அப்படியானால் குறை நீரிலா, வாழிடத்திலா என்று பிரித்தறிவது எப்படி?

பதில்: ஒரே வகை இடங்களை மட்டுமே ஒப்பிடுங்கள். கல் நிறைந்த வேகமான ஓட்டத்தில் எடுத்த மாதிரியைத் தேங்கிய மடுவின் மாதிரியோடு ஒப்பிட்டு மாசு என்று தீர்ப்பளிப்பது பரவலாக நிகழும் பிழை. ஆற்றடி உயிர்களைக் கொண்டு நீரின் தூய்மையை அளக்க 1970-களின் இறுதியில் பிரிட்டனில் உருவான மதிப்பீட்டு முறை, மாசைத் தாங்காத குடும்பங்களுக்கு 10 புள்ளி, கைரோனாமிட்களுக்கு 2, மண்புழு இனத்து நீர்ப்புழுக்களுக்கு 1 என வழங்கியது. அதிலேயே பேட்டிடே என்னும் மேஃப்ளை குடும்பத்துக்கு 4 புள்ளிதான். ஆகவே மேஃப்ளை ஒன்றைக் கண்டதும் நீர் தூயது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

கழுவிய கற்களை வலைக்கூடையில் இட்டு, நீரோட்டம் படும்படி ஆற்றில் சுமார் 6 வாரம் வைத்துப் பாருங்கள். பலவகை உயிர்கள் வந்து குடியேறினால் நீரில் பெரிய குறையில்லை, அடித்தளமே கெட்டிருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் கூடையில் எதுவும் சேராவிட்டால் உடனே நீரைக் குற்றம் சொல்லாதீர்கள். அந்த இனங்கள் ஆற்றின் மேற்பகுதியிலாவது வாழ்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். அங்கும் அவை இல்லையென்றால், நல்ல நீரில் வைத்த கூடையிலும் வந்து சேர ஆளிருக்காது.