கடவுளிடமே நேரடியாக மன்னிப்புக் கேட்கலாமே, கத்தோலிக்கர்கள் ஏன் பாவசங்கீர்த்தனம் செய்ய, அதாவது பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெற, பாதிரியாரிடம் போகிறீர்கள்? அதில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது?

கல்யாணமான புதிதில் என் மனைவியும் இதையேதான் கேட்டாள். அவள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்) குடும்பம். அவர்கள் ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கையைச் சொல்வார்கள், போதகர் மன்னிப்பை அறிவிப்பார், முடிந்தது. "நடுவுல ஃபாதர் எதுக்கு?" என்றாள்.

யோவான் நற்செய்தி 20-ஆம் அதிகாரத்தில் உயிர்த்த இயேசு சீடர்களிடம், "எவருடைய பாவங்களை நீங்கள் மன்னிப்பீர்களோ, அவை மன்னிக்கப்படும்" என்கிறார். திருச்சபை இதைத்தான் அடிப்படையாகக் காட்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும் என்ற விதி 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கத்தில் வந்தது. சரி, இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் போவதற்கான காரணம் இவ்வளவு பெரியதில்லை.

தனியாகச் செபிக்கும்போது நான் விவரத்துக்குள் போவதே இல்லை. "ஆண்டவரே, என் குறைகளை மன்னியும்" என்ற ஒரே வரியில் எல்லாவற்றையும் அடக்கிவிடுவேன். ஃபாதருக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும்போது அது நடக்காது. யாருக்கு என்ன செய்தேன், எத்தனை தடவை என்று வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். மனதுக்குள் ரொம்ப நியாயமாகத் தெரிந்த சமாதானமெல்லாம் சத்தமாகச் சொல்லும்போது அசட்டுத்தனமாகக் காதில் விழும். (என்ன பாவம் என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். அதற்குத்தான் அந்தத் தட்டி.)

அடுத்தவர் கதைக்கும் அங்கே இடமில்லை. எங்கள் பங்கில் (எங்கள் ஊர்க் கோயிலில்) முன்பு இருந்த ஒரு ஃபாதர், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலப் பிரசங்கத்தில் சொல்வார்: "உங்க பாவத்தை மட்டும் சொல்லுங்கம்மா. மருமக பாவத்தை மருமக வந்து சொல்லிக்குவா." கோயிலே சிரிக்கும், சில மாமியார்களைத் தவிர.

சிறுவயதில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு முன்பு, ஞானோபதேச (மறைக்கல்வி) வகுப்பில் ஐந்து படி சொல்லித் தந்தார்கள்: ஆத்தும சோதனை (செய்ததை நினைத்துப் பார்ப்பது), மனஸ்தாபம் (அதற்காக வருந்துவது), இனிமேல் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, பாவத்தை வெளியிடுவது, அபராதம் தீர்ப்பது (பரிகாரம் செய்வது). அந்த வயதில் எல்லாருக்கும் ஒரே பட்டியல்தான். பொய் சொன்னேன், அம்மா பேச்சைக் கேட்கவில்லை, தம்பியை அடித்தேன். தம்பியே இல்லாதவனும் தம்பியை அடித்தான். அபராதம் என்றால் மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அதோடு முடிவதில்லை. திருடியதைத் திருப்பிக் கொடுக்கவும், கெடுத்த பெயரை முடிந்தவரை சரிசெய்யவும் வேண்டும். செபம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், இது அப்படியில்லை. போய் அந்த ஆளின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். மலிவாக மன்னிப்பு விற்கிறார்கள் என்று கேலி செய்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அப்புறம், ரகசியம். அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு) கொடுக்க ஃபாதர் வந்தார். முதலில் பாவசங்கீர்த்தனம் என்பதால் எங்களை எல்லாம் வெளியே நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரம் என்று நினைத்தோம், ரொம்ப நேரம் ஆனது. வெளியே வந்தவர் காபி குடித்தார், வண்டி நிறுத்த இடம் கிடைக்காத கதையைச் சொன்னார், அவ்வளவுதான். சொன்னவர் இறந்த பிறகும் அதை அவர் வெளியில் விட முடியாது. பாவசங்கீர்த்தன முத்திரையை, அதாவது இந்த ரகசியத்தை, நேரடியாக உடைக்கும் குரு அந்தக் கணமே திருச்சபைக்குப் புறம்பாகிவிடுவார் என்பது சட்டம். அப்பா எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. எங்களிடம் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல அவருக்கு ஓர் ஆள் இருந்தார் என்பதே எனக்குப் போதும்.

இந்த நம்பிக்கை உடையவே உடையாது என்று சொல்ல மாட்டேன். 2018-இல் கேரளத்தில் வேறொரு கிறிஸ்தவ சபையின் குருக்கள் சிலர், ஒரு பெண் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை வைத்தே அவரை மிரட்டியதாகப் புகார் வந்தது. தேசிய மகளிர் ஆணையம் இந்த வழக்கத்தையே ஒழிக்கப் பரிந்துரைத்தது. ஒழிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அந்தக் கோபம் நியாயமானது. அதனால்தான் என் தங்கையிடம், தட்டி இருக்கும் இடத்தில், முகம் தெரியாத ஃபாதரிடம் போ என்பேன். சொந்தப் பங்கில்தான் செய்ய வேண்டும் என்று விதி இல்லை. சென்னையில் பலர் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்கோ சாந்தோமுக்கோ போவது இதனால்தான்.

ரொம்ப வருடமாகப் போகாத கத்தோலிக்கர் யாராவது இதைப் படித்தால்: மந்திரம் மறந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். "நாளாச்சு ஃபாதர், எப்படிச் செய்றதுன்னு மறந்துபோச்சு" என்றால் அவரே கேட்டுக் கேட்டு நடத்திவிடுவார். ஈஸ்டருக்கு முந்தைய பரிசுத்த வாரத்தில் மட்டும் போகாதீர்கள், வரிசை நீளம், ஃபாதரும் களைத்திருப்பார். சாதாரண வாரநாளில் மாலைப் பூசைக்கு அரைமணி முன்னால் போய் அவரைக் கேட்டுப் பாருங்கள். சென்னை அர்மேனியன் தெரு அந்தோணியார் கோயில் என்றால் செவ்வாய்க்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்றைக்குக் கூட்டம் தாங்காது.