வாரம் ஒருமுறை டர்ஃபில் ஆடும் 27 வயதுக்காரர் ஃபுட்பாலில் முன்னேற என்ன செய்ய வேண்டும்?

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: வயது 27, ஐ.டி. வேலை, மூன்று வருடமாக வாராவாரம் டர்ஃபில், அதாவது வாடகைச் செயற்கைப் புல்தரையில், செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) ஆடுகிறீர்கள், ஆட்டம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, கோச்சிங் சேரலாமா என்று யோசனை. இதுவரை வந்த பதில்களில் பாதி ‘ஜிம் போங்க’, மீதி ‘மெஸ்ஸி வீடியோ பாருங்க’. அதைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், டர்ஃபில் ஆடும் நேரத்தைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். 14 பேருக்கு ஒரு பந்து. 60 நிமிடத்தைப் பங்கு போட்டால் ஆளுக்கு 4 நிமிடம் சொச்சம். பந்து உருண்டுகொண்டிருக்கும் நேரம், வலையைத் தாண்டிப் போனதை எடுத்துவரும் நேரம், டீம் பிரிப்பதில் நடக்கும் சண்டை எல்லாவற்றையும் கழித்தால் உங்கள் காலில் பந்து இருப்பது இரண்டு நிமிடம்கூட வராது. அதிலும் பழகிய காலால் பழகிய வேலையைத்தான் செய்வீர்கள், ஏனென்றால் தோற்கக் கூடாது. இப்படி மூன்று வருடம் இல்லை, பத்து வருடம் ஆடினாலும் பழைய ஆட்டம்தான் கெட்டிப்படும்.

‘டெக்னிக்கெல்லாம் எட்டு வயசுல வரணும், இனிமே எங்க’ என்று கருத்துப் பெட்டிக்கு வரப்போகிறவர்களுக்கு: ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஆட வைக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. தொடர்ந்து செய்தால் இரண்டு, மூன்று மாதத்தில் பந்து காலில் ஒட்ட ஆரம்பிக்கும், டீம் பிரிக்கும்போது உங்கள் பெயர் கொஞ்சம் முன்னால் வரும். அந்த அளவுக்குத்தான் இந்தப் பதில்.

அமெச்சூர் ஆட்டக்காரருக்கு அதிக லாபம் தருவது பந்தை வாங்கும் விதம். டிரிபிளிங்கோ ஷாட்டோ அதற்கு அப்புறம்தான். பாஸ் வரும்போது பெரும்பாலானோர் பந்துக்கு நேர் எதிரே முகம் காட்டி நிற்கிறார்கள். அப்படி நின்றால் வந்த வழியே திருப்பிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, பாஸ் போடுபவரும் எதிர் கோலும் ஒரே பார்வையில் தெரியும்படி நில்லுங்கள். பிறகு பந்தை உங்கள் உடம்புக்குக் குறுக்கே உருள விட்டு, தள்ளியிருக்கும் காலால் வாங்குங்கள். இடப்பக்கத்திலிருந்து பாஸ் வந்தால் வலது கால். அந்த ஒரே டச்சில் நீங்கள் முன்னால் திரும்பியிருப்பீர்கள். பின்னால் ஆள் ஒட்டிக்கொண்டு நின்றால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அப்போது அவனுக்கும் பந்துக்கும் நடுவே உடம்பைக் கொடுத்து, எட்ட இருக்கும் காலால் பந்தைக் காத்து, திருப்பிக் கொடுப்பதுதான் சரி.

ஆள் ஒட்டியிருக்கிறானா என்று எப்படித் தெரியும்? பந்து வருவதற்கு முன்பே திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். நார்வே விளையாட்டு அறிவியல் கல்லூரியின் கெய்ர் யோர்டெட் இதையே பல வருடம் ஆராய்ந்தவர். பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களைப் படம் பிடித்துப் பார்த்ததில், பந்து வருவதற்கு முன் அதிகம் திரும்பிப் பார்ப்பவர்களின் பாஸ்தான் அதிகம் போய்ச் சேர்கிறது என்று வந்தது. நம் அளவுக்கு இரண்டு பார்வை போதும்: பாஸ் போடப்போகிறவன் பந்தைத் தொடுவதற்கு முன் ஒன்று, பந்து உருண்டு வரும்போது இன்னொன்று. இரண்டாவதுதான் கஷ்டம், பந்திலிருந்து கண்ணை எடுக்கப் பயமாக இருக்கும். கொஞ்சம் தூரத்திலிருந்து வரும் பாஸில் ஒரு கணம் கண்ணை எடுத்தால் ஒன்றும் ஆகாது.

இதைப் பழக ஒரு சுவர் வேண்டும். மூன்று மீட்டர் தள்ளி நின்று, உள்பாதத்தால் அடித்து, திரும்பி வருவதை ஒரு காலால் வாங்கி மறு காலால் அடியுங்கள். இரண்டு நிமிடம் அடித்து ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி நான்கு முறை. அடுத்து ஐந்தாறு மீட்டருக்குப் பின்னால் போய், ஒவ்வொரு முறையும் பந்து சுவரில் பட்டுத் திரும்புவதற்குள் தோளுக்கு மேலே ஒரு பார்வை. பின்னால் ஒரு நண்பர் நின்று விரல் காட்ட, நீங்கள் எண்ணைச் சொல்வது இன்னும் நல்லது. இல்லாவிட்டால் பார்த்ததாகப் பாவனை செய்துவிட்டுப் போய்விடுவோம்.

தப்பு நடக்கும் இடங்கள் சில. கணுக்கால் தொளதொளவென்று இருந்தால் பாஸ் திசை மாறும். பெருவிரலை மேல் நோக்கித் தூக்குங்கள், கணுக்கால் தானாக இறுகும். ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, பாஸ் போக வேண்டிய திசையைப் பார்த்து இருக்க வேண்டும். பந்து எழும்பிப் போகிறதென்றால் உடம்பு பின்னால் சாய்கிறது அல்லது பந்தின் அடிப்பாகத்தில் அடிக்கிறீர்கள். வாங்கிய பந்து காலடியிலேயே செத்து நின்றால் அதுவும் நல்ல டச் இல்லை. அடுத்து அடிப்பதற்கு இன்னொரு அடி எடுத்து வைக்க வேண்டிவரும். அரை மீட்டர் முன்னால், நீங்கள் போக நினைக்கும் பக்கம் உருள வேண்டும். உள்ளங்காலால் மிதித்து நிறுத்தும் டர்ஃப் பழக்கத்தையும் குறையுங்கள். அணிக்கு ஐந்து பேராக உள்ளரங்கில் ஆடும் ஃபுட்சாலில் அது முறையான டெக்னிக், மறுக்கவில்லை. ஆனால் குண்டும் குழியுமான பதினோரு பேர் மைதானத்தில் துள்ளி வரும் பந்தை அப்படி மிதித்தால் காலுக்கு அடியில் போய்விடும்.

சுவருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள், நியாயம்தான். அபார்ட்மென்ட் என்றால் ‘பந்து விளையாடக் கூடாது’ என்று போர்டு. பார்க்கில் நடைப்பயிற்சிக்காரர்கள் துரத்துவார்கள். பள்ளி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை பூட்டு, இல்லாவிட்டால் கார் பார்க்கிங். ஒரு காலத்தில் இலவசமாக ஆடிய பொட்டல்கள் வலை கட்டிப் பச்சைக் கம்பளம் விரித்து மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு நிற்கின்றன. கம்பளத்துக்கு அடியில் அதிர்வு தாங்கும் அடுக்கு போடாமல் கான்கிரீட் மேலேயே ஒட்டிவிட்டு, ரப்பர் துகளை ஆரம்பத்தில் ஒரு தடவை கொட்டியதோடு சரி என்று நடத்தும் இடங்களும் இருக்கின்றன. முட்டி நம்முடையதுதானே, அவர்களுக்கென்ன. பயிற்சிக்கு ஒரு சுவர்கூடக் கிடைக்காத ஊரில் ‘இந்தியா ஏன் வேர்ல்டு கப்புக்குப் போகவில்லை’ என்று நாலு வருடத்துக்கு ஒருமுறை விவாதம் வேறு. போகட்டும். மொட்டை மாடியில் கீழ்வீட்டுக்காரர் இல்லாத நேரம், ஃபிளைஓவர் தூண், கார் இல்லாத பேஸ்மென்ட் என்று ஏதாவது தேறும். அதுவும் இல்லையென்றால் இன்னொருவருடன் பத்து மீட்டர் தள்ளி நின்று இதையே செய்யுங்கள்.

பந்து விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 5-ம் நம்பர் பந்து, எடை 410 முதல் 450 கிராம். காற்று 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம் என்பது விதி, பம்ப் மீட்டரில் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. பந்தின் மேல் அச்சிட்ட அளவைத் தாண்டாதீர்கள். கடினமான தரைக்கு அதிலும் கீழ் எல்லைக்குப் பக்கமாக வையுங்கள். சைக்கிள் கடையில் கல் மாதிரி காற்றடித்த பந்தில் டச் பழகவே முடியாது. ஊசியை ஈரப்படுத்தாமல் குத்தினால் வால்வு கிழியும். நிறையப் பந்துகள் சாவது இப்படித்தான்.

அடுத்து சோத்தாங்கால், நொட்டாங்கால் பிரச்சினை. இடது காலில் பலமில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். இடது காலால் அடிக்கும்போது முழு உடம்பையும் வலது கால் ஒற்றையாகத் தாங்க வேண்டும், அதற்கு அந்த வேலை பழக்கமில்லை. பாதித் தடுமாற்றம் அங்கேதான். பல் தேய்க்கும்போது வலது காலில் மட்டும் நில்லுங்கள், முட்டி லேசாக மடங்கியிருக்கட்டும். 30 நொடி சுலபமானால் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். பிறகு பந்தைக் கையிலிருந்து விட்டு, இடது காலின் லேஸ் பகுதியால் மெதுவாகத் தட்டிக் கையிலேயே பிடியுங்கள். பந்து சுழலாமல் வந்தால் சரியான இடத்தில் பட்டிருக்கிறது. அப்புறம் சுவர் பயிற்சியில் பாதி நேரம் இடது காலுக்கு. ஷாட் கடைசியில்தான். 2023 டூராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்த சென்னைக்காரர் நந்தகுமார் சேகர், வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி இடது காலால் தூரக் கம்பத்துக்கு (கோலில் அடிப்பவருக்கு எட்ட இருக்கும் கம்பம்) வளைத்ததைத் தேடிப் பாருங்கள். இடது கால் வராது என்று டிஃபெண்டருக்குத் தெரிந்திருந்தால் அந்த வழியைத் திறந்தே விட்டிருப்பான், நஷ்டமும் இருந்திருக்காது.

ஷாட் பற்றி அதிகம் இல்லை. சின்ன கோலில் தரையோடு, தூரக் கம்பத்துக்கு அடியுங்கள். கீப்பர் தட்டிவிட்டாலும் பந்து நடுவில் விழும், இன்னொருவர் அடிக்கலாம்.

டிஃபென்ஸில் ஒன்றே ஒன்றைத் திருத்தினாலே டர்ஃபில் நீங்கள் தேவைப்படும் ஆளாகிவிடுவீர்கள்: பாய்ந்து காலை நீட்டாதீர்கள். பந்து வைத்திருப்பவனை நோக்கி வேகமாக ஓடுங்கள், கடைசி மூன்று மீட்டரில் சின்னச் சின்ன அடி வைத்து வேகத்தைக் குறையுங்கள், ஒன்று ஒன்றரை மீட்டரில் பக்கவாட்டில் நின்று அவன் பலவீனமான காலின் பக்கம் மட்டும் வழி விடுங்கள். அவன் காலைப் பார்த்தால் ஏமாறுவீர்கள், பந்தை மட்டும் பாருங்கள். பந்து அவன் காலைவிட்டுச் சற்று நீளமாகப் போகும் அந்தத் தருணத்தில் கால் வையுங்கள். அதுவரை தாமதப்படுத்தினாலே உங்கள் ஆட்கள் திரும்பி வந்துவிடுவார்கள். வராமல் எதிர் கோல் பக்கத்திலேயே இடுப்பில் கை வைத்து நிற்கும் மகானுபாவர்களுக்கு என்னிடம் மருந்தில்லை.

ஸ்டாமினாவுக்கு மெரினாவில் ஐந்து கிலோமீட்டர் ஒரே சீராக ஓடுவது உடம்புக்கு நல்லது. ஆட்டத்துக்கு அது மட்டும் போதாது. செவன்ஸ் என்பது குட்டி குட்டி ஸ்பிரின்ட்டுகள். வாரம் ஒரு நாள், 15 நொடி வேகமாக ஓடி 15 நொடி நடப்பது, எட்டு நிமிடம். மூன்று நிமிட ஓய்வுக்குப் பின் இன்னொரு எட்டு நிமிடம். முதல் இரண்டு வாரம் ஒரு சுற்றோடு நிறுத்துங்கள், நாள் முழுக்க நாற்காலியில் இருந்த தொடை பிடித்துக்கொள்ளும்.

அதே காரணத்தால் வார்ம்-அப்பையும் விடாதீர்கள். ஃபிஃபாவின் ‘11 ப்ளஸ்’ இலவசமாகக் கிடைக்கிறது: 15 பயிற்சிகள், சுமார் 20 நிமிடம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் அணிகளில் சோதித்து 2008-ல் வெளியான ஆய்வில் கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. 27 வயது ஆணுக்கு அதே எண் அப்படியே பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. அதில் உள்ள நோர்டிக் பயிற்சி பின்தொடைக்கு: மண்டியிட்டு, நண்பர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, இடுப்பு மடங்காமல் முன்னால் மெதுவாகச் சாய்ந்து கையால் தாங்குவது. ஆரம்பத்தில் 3 முதல் 5 தடவை மட்டும். முதல் முறை செய்தால் இரண்டு நாள் உட்கார முடியாது, அதனால் ஆட்டத்துக்கு முந்தின நாள் ஆரம்பிக்காதீர்கள்.

ஷூவில் நிறையப் பேர் பணத்தையும் முட்டியையும் சேர்த்துத் தொலைக்கிறார்கள். நீளமான ஸ்டட் உள்ள எஃப்.ஜி. பூட் புல்தரைக்கு. செயற்கைத் தரையில் அது கொக்கி போலப் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. பெட்டியில் டி.எஃப். என்று போட்டிருக்கும் குட்டி ரப்பர் முளைகள் உள்ளதை வாங்குங்கள். துகள் நன்றாக நிரம்பிய தரைக்கு, செயற்கைப் புல்லுக்கென்றே செய்த ஏ.ஜி. போடலாம். ஆடும்போது போடும் சாக்ஸோடு மாலையில் போய் அளவு பாருங்கள்.

கோச்சிங் சேரலாம், ஆனால் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பார்த்துவிட்டுச் சேருங்கள். பத்துப் பேர் வரிசையில் நிற்க ஒரே பந்து சுற்றினால், அல்லது முதல் அரை மணி மைதானத்தைச் சுற்றி ஓட விட்டால், பணத்தைத் திருப்பி பர்ஸில் வையுங்கள். 4-க்கு 1 (நாலு பேர் சுற்றி நின்று பாஸ் போட, நடுவில் ஒருவர் பறிக்கப் பார்ப்பது), 5-க்கு 2, 3-க்கு 3 என்று சின்னக் கட்டங்களில் ஆட விட்டு நடுவில் நிறுத்தித் திருத்துபவர் கிடைத்தால் விடாதீர்கள். இதையே உங்கள் கூட்டத்திலும் செய்யலாம்: புக் செய்த ஒரு மணியில் முதல் பத்து நிமிடம், எட்டுக்கு எட்டு மீட்டர் கட்டத்தில் 5-க்கு 2, ஆளுக்கு இரண்டே டச். ‘காசு குடுத்து வந்தது மேட்ச் ஆட’ என்று ஒருவர் முனகுவார். அவரை முதலில் நடுவில் விடுங்கள்.

கடைசியாக முட்டி. திரும்பும்போது உள்ளே ‘டப்’ என்று சத்தம், சில மணி நேரத்துக்குள் வீக்கம், கால் வைத்தால் நழுவுவது போலிருப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால் ஜவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். அன்றே நிறுத்திவிட்டு ஐஸ் வைத்து எலும்பு மூட்டு மருத்துவரிடம் போங்கள், ஸ்கேன் எழுதுவார். எண்ணெய் போட்டு நீவுவதும் புத்தூர் கட்டும் கிழிந்த ஜவ்வை ஒட்ட வைக்காது. வீக்கம் வற்றி நடக்க முடிகிறது என்று மூன்றாம் வாரம் திரும்ப இறங்கினால் பக்கத்தில் இருக்கும் மெனிஸ்கஸும் (முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு) சேர்ந்து போகலாம்.