ஜெர்மனியில அதிகம் பேருக்குத் தெரியாத குட்டி சமஸ்தானம்னா எதைச் சொல்வீங்க?

யோசிக்காம க்னிப்ஹௌசன்னு சொல்வேன். நொய்ஷ்வான்ஸ்டைன் மாதிரி போட்டோவுக்கு போஸ் குடுக்குற கோட்டையெல்லாம் அங்க எதிர்பார்க்காதீங்க. வடகடல் பக்கம், பெரும்பகுதி இப்போ வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் ஊரோட சேர்ந்துடுச்சு. சென்வார்டன், ஃபெடர்வார்டன், அக்கும்னு மூணே மூணு சர்ச் வட்டாரம், சுமாரா 45 சதுர கிலோமீட்டர், ஜனம் ஏறக்குறைய 3000 பேர், நாடே அவ்ளோதான்.

ஆரம்பத்துல ஃப்ரீசியர்னு சொல்ற கடலோர மக்களோட தலைவருங்க கையில இருந்துச்சு. பக்கத்துல இருக்குற யேவர்காரங்க அது எங்களுதுன்னு கேஸ் போட, அந்த யேவரே 1575ல பக்கத்து நாடான ஓல்டன்பர்க் கைக்குப் போய், கேஸும் கூடவே போய், 1592ல இவங்களுக்கெல்லாம் மேல இருந்த புனித ரோமப் பேரரசோட கோர்ட்ல தீர்ப்பு வந்தும் இடம் கைமாற 1624 ஆயிடுச்சு. நம்ம ஊர் சிவில் கேஸ் தோத்துடும். இடம் வந்து சேர்ந்தது ஓல்டன்பர்க் கவுண்ட் (பிரபு) அன்டோன் குந்தர் கைக்கு. அவருக்கு முறையான வாரிசு இல்ல, அதனால 1667ல அவர் போனதும் ஓல்டன்பர்க் டென்மார்க் ராஜா பக்கம் போச்சு, ஆனா க்னிப்ஹௌசன் மட்டும் கல்யாணத்துக்கு வெளிய பிறந்த மகனுக்கு. அந்த மகனோட பேத்தி 1733ல பென்டிங்க் குடும்பத்துல வாக்கப்பட, அப்புறம் பென்டிங்க் ஆட்சி. இதுக்கு நடுவுல 1708லயே அரண்மனை எரிஞ்சு போச்சு, இருந்தும் நாடு 1854 வரைக்கும் ஓடுச்சுன்னா பாருங்க.

எனக்குப் பிடிச்ச பகுதி நெப்போலியன் காலம்தான். கடல்ல இங்கிலாந்தும் பிரான்ஸும் முட்டிக்கிட்டப்போ க்னிப்ஹௌசன் நடுநிலை, அதுக்குன்னு சொந்தக் கொடி வேற. இது போதாதா, வெளியூர் கப்பல்காரங்கெல்லாம் இந்தக் கொடிக்கு பேப்பர் வாங்கி மாட்டிக்கிட்டு வியாபாரம் பண்ணாங்க, அப்போ ஆண்ட பென்டிங்க் கவுண்டுக்கு நல்ல வரும்படி. அப்புறம் நெப்போலியன் ஆளுங்க இடத்தை எடுத்துக்கிட்டாங்க, அவர் விழுந்ததும் ஓல்டன்பர்க் உள்ள வந்து உக்காந்துடுச்சு. வியன்னா மாநாட்டுல இதைப் பத்தி யாரும் முடிவே எடுக்கல! கவுண்ட் விடல. 1825ல பெர்லின்ல ஒப்பந்தம் போட்டு, பழைய பேரரசர் இருந்த இடத்துல ஓல்டன்பர்க், உள்ளூர் ஆட்சி பென்டிங்க்னு பாதி சுதந்திரத்தைத் திரும்ப வாங்கிட்டார்.

வெளியாள் கிட்ட ஜெயிச்ச ஆளுக்கு வீட்டுக்குள்ளதான் வினை. ஒரு விவசாயி மகளோட வாழ்ந்து, பசங்க பிறந்த பிறகு 1816ல கல்யாணம் கட்டுனார். இந்தப் பசங்களுக்கு பட்டம் கிடையாதுன்னு இங்கிலாந்து பக்கத்து பென்டிங்க் சொந்தங்க கிளம்பிட்டாங்க. 1835ல கவுண்ட் போயிட்டார், சண்டை மட்டும் தொடர்ந்துச்சு. கடைசியில 1854ல ரெண்டு தரப்புக்கும் பணத்தைக் குடுத்து செட்டில் பண்ணி ஓல்டன்பர்க் மொத்தமா எடுத்துக்கிச்சு.

இப்போ போனா கோட்டையில மிச்சம் இருக்குற பழைய துணைக் கட்டிடங்களைப் பார்க்கலாம். இதுக்காகவே டிக்கெட் போடாதீங்க, பக்கத்துல யேவர் அரண்மனை முழுசா நிக்குது, ரெண்டையும் சேர்த்து பிளான் பண்ணுங்க.