ஈரோட்டு மஞ்சள் புற்றுநோய் செல்லைக் கொல்கிறதாமே, ஏன் இன்னும் மருந்தாக வரவில்லை?

ஆய்வகத் தட்டில் கொல்வது உண்மைதான். ஆனால் தட்டு வேறு, உடம்பு வேறு.

ஈரோடு மார்க்கெட்டில் ஏலம் போகும் விரலி மஞ்சளில் குர்க்குமின் என்ற பொருள் சுமார் 3 சதவீதம்தான். அதைத் தனியாகப் பிரித்து 8 கிராம் விழுங்கினாலும் ரத்தத்தில் மிகச் சொற்பமே தென்படும். குடல் சுவரும் கல்லீரலும் அதை உடனே மாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன. சோதனைக் குழாயில்கூட, ரத்தத்தின் காரத்தன்மை கொண்ட கரைசலில் அரை மணி நேரத்தில் பெரும்பகுதி சிதைந்துபோகிறது. இன்னொரு சிக்கல்: குர்க்குமின் தானே ஒளிரும் பொருள். ஒளியை அளந்து முடிவு சொல்லும் செல் சோதனைகளில், வேலை செய்யாமலேயே செய்ததுபோலக் காட்டிவிடும். இத்தகைய ஆய்வுகளைப் படிக்கும்போது நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்க்குமினுடன் மிளகில் உள்ள பைப்பரின் என்ற பொருளை 20 மில்லிகிராம் சேர்த்தபோது உடம்பில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு கூடியது. சரி, நல்லதுதானே? ஆனால் பைப்பரின், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையே தடுக்கிறது. அதனால் வலிப்பு மாத்திரை போன்ற வேறு மருந்துகளின் அளவும் ரத்தத்தில் ஏறலாம். இப்படி வீரியம் கூட்டிய குர்க்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதித்தவர்களும் உண்டு.

அதனால்தான் பொறியாளர்கள் குர்க்குமினை மிக நுண்ணிய நானோ துகள்களில் பொதிந்து உடம்புக்குள் அனுப்பப் பார்க்கிறார்கள். குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயம் வேண்டாம். மாத்திரையாக வாங்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள். கீமோ எடுப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.