வாசகர் கேள்வி – பதில்: உளவியல் ஆய்வை இதழுக்கு அனுப்புவோருக்கு

(வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களில், உளவியல் ஆய்விதழ்களில் கட்டுரை வெளியிடுவது குறித்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடிதம் எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களுடைய பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.)

கேள்வி: எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர்களின் மன அழுத்தத்தைப் பற்றி எம்.எஸ்சி. ஆய்வேடு செய்தேன். இரவெல்லாம் வரிசையில் நிற்பவர்கள் 30 பேர், பகலில் மட்டும் வண்டி ஓட்டுபவர்கள் 30 பேர். இரு குழுக்களின் மதிப்பெண்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. வயது வாரியாக நான்காகப் பிரித்துப் பார்த்தபோது, ஒரு பிரிவில் மட்டும், அதாவது வயதில் மூத்தவர்களிடம், வேறுபாடு தெரிகிறது. “அதையே கருதுகோளாக வைத்து எழுதிவிடு, இல்லையென்றால் எந்த இதழும் சீந்தாது” என்கிறார் என் சீனியர். அப்படி எழுதலாமா? — முதுகலை மாணவர், தண்டையார்பேட்டை

பதில்: எழுதக் கூடாது. ஆனாலும், உங்கள் சீனியரின் அச்சத்தை ஆதாரமற்றது என்று தள்ளிவிடவும் முடியாது. 1959-லேயே தியோடர் ஸ்டெர்லிங் என்பவர் நான்கு உளவியல் இதழ்களை எடுத்துப் பார்த்து, புள்ளியியல் சோதனை செய்த கட்டுரைகளில் ஏறத்தாழ 97 விழுக்காடு ‘வேறுபாடு உண்டு’ என்ற முடிவையே சொல்வதைக் கண்டார். உலகில் உளவியலாளர்கள் ஊகிப்பதெல்லாம் அப்படியே பலிப்பதில்லை. பலிக்காத ஆய்வுகள் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடுகின்றன என்பதுதான் இதற்குப் பொருள். ராபர்ட் ரோசென்தால் 1979-இல் இந்தச் சிக்கலுக்கு அந்த இழுப்பறையின் பெயரையே சூட்டினார்.

இதன் விலை என்ன என்பது 2015-இல் தெரிந்தது. மூன்று முன்னணி உளவியல் இதழ்களில் வெளியான 100 ஆய்வுகளை ஆய்வாளர் கூட்டமைப்பு ஒன்று மீண்டும் செய்து பார்த்து, முடிவுகளை ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு குறிப்பிடத்தக்க முடிவைக் காட்டியிருந்தன. மறுபடி செய்தபோது 36 விழுக்காடு மட்டுமே அப்படிக் காட்டின. மோசடி ஆய்வுகளும் இத்துறையில் உண்டு என்பது உண்மையே. ஆனால், இந்தப் பெரிய இடைவெளிக்கு மோசடியைவிட, உங்கள் சீனியர் சொன்னதைப் போன்ற, நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் சின்னச் சின்ன யோசனைகளே அதிகம் காரணம் என்று நான் கருதுகிறேன்.

முடிவைப் பார்த்த பிறகு கருதுகோளை எழுதிவிட்டு, அது முன்பே இருந்ததாகக் காட்டும் இந்த வழக்கத்தை நார்பர்ட் கெர் 1998-இல் விரிவாக விமர்சித்தார். காசிமேட்டில் கரைக்குத் திரும்பிய பிறகு, வலையில் கிடப்பது வவ்வால் என்று கண்டுவிட்டு, “வவ்வாலுக்கென்றே போனோம்” என்று சொல்வதைப் போன்றது அது. கணக்காகவும் பார்க்கலாம். உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாத இடத்தில், 0.05 என்ற எல்லையை (ஒரு சோதனையில் தற்செயலாக வேறுபாடு தெரியும் வாய்ப்பு 5 விழுக்காடு) வைத்துத் தனித்தனியாக நான்கு சோதனைகள் செய்தால், குறைந்தது ஒன்றிலாவது தற்செயலாக வேறுபாடு தெரிவதற்கான வாய்ப்பு 18 விழுக்காட்டுக்கும் மேல். இருபது சோதனைகள் செய்தால் அது 64 விழுக்காடு. வயதோடு நின்றுவிட்டீர்கள், சொந்த ஊர், திருமணம், சம்பளம் என்று பிரித்துக்கொண்டே போனால் ஏதாவது ஒன்று கிடைக்காமல் போகாது.

ஆகவே, முதல் கருதுகோளை முதல் கருதுகோளாகவே எழுதுங்கள். அது ஆதரவு பெறவில்லை என்பதையும் எழுதுங்கள். வயதுப் பிரிவில் கண்டதை, பின்னர் தேடிப் பார்த்தபோது கிடைத்தது என்று வெளிப்படையாகக் குறித்து, எத்தனை பிரிவுகளைச் சோதித்தீர்கள் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். அதை அடுத்த ஆய்வுக்கான கேள்வியாக முன்வைப்பதில் தவறே இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. ‘வேறுபாடு இல்லை’ என்று நீங்கள் எழுதினால், இதழுக்காகக் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் அதையும் ஏற்கமாட்டார். நடுத்தர அளவு வேறுபாடு உண்மையிலேயே இருந்தாலும், குழுவுக்கு 30 பேர் என்றால் அது உங்கள் சோதனையில் தட்டுப்படும் வாய்ப்பு பாதிக்கும் சற்றுக் குறைவு. அந்த வாய்ப்பு 80 விழுக்காடாக இருக்கவேண்டுமென்றால் குழுவுக்கு 64 பேர் தேவை. எனவே, பி மதிப்பை (வேறுபாடே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பை) மட்டும் சொல்லி நிறுத்தாமல், வேறுபாட்டின் அளவையும் அதன் நம்பக இடைவெளியையும் (உண்மையான அளவு இருக்கக்கூடிய வீச்சையும்) கொடுத்து, ‘இந்தத் தரவைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியவில்லை’ என்று எழுதுவதே சரி. கட்டுரையின் மதிப்பு இதனால் குறையாது. இரவு முழுக்க லாரி வரிசையில் நடந்து, அலுத்துப்போன 30 பேரை உட்காரவைத்து வினாநிரலை நிரப்பச் செய்திருக்கிறீர்கள். அந்தத் தரவு, பிற்காலத்தில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் ஒருவருக்குக் கட்டாயம் பயன்படும்.

அடுத்த ஆய்வுக்கு ‘பதிவுசெய்த அறிக்கை’ என்ற முறையைப் பரிசீலியுங்கள். 2013-இல் ‘கார்ட்டெக்ஸ்’ இதழ் இதைத் தொடங்கியது. இப்போது பல உளவியல் இதழ்கள் ஏற்கின்றன. தரவு திரட்டும் முன்பே கேள்வியையும் செய்முறையையும் இதழுக்கு அனுப்பவேண்டும். மதிப்பீட்டாளர்கள் அதைப் படித்துத் திருத்தி ஏற்றுக்கொண்டால், சொன்னபடி ஆய்வைச் செய்து முடிக்கும் பட்சத்தில், முடிவு எப்படி வந்தாலும் கட்டுரை வெளியாகும். 2021-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், வழக்கமான உளவியல் கட்டுரைகளில் 96 விழுக்காடு தங்கள் முதல் கருதுகோள் நிறைவேறியதாகச் சொல்ல, பதிவுசெய்த அறிக்கைகளில் 44 விழுக்காடே அப்படிச் சொல்லியிருந்தன. இரண்டாவது எண்ணைத்தான் நான் நம்புவேன்.

கேள்வி: ஏழு நாளில் கட்டுரையை வெளியிட்டுத் தருவதாகவும், ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் ‘இம்பாக்ட் ஃபாக்டரும்’ உண்டு என்றும், கட்டணம் சில ஆயிரம் ரூபாய்தான் என்றும் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. பி.எச்டி. பதிவுக்கு உதவும் என்று தோழிகள் பணம் கட்டிவிட்டார்கள். நானும் கட்டலாமா? — வாசகி, வியாசர்பாடி

பதில்: கட்டாதீர்கள். ஐ.எஸ்.எஸ்.என். என்பது தொடர் வெளியீடு ஒன்றை அடையாளம் காண்பதற்கான எண் மட்டுமே; சமையல் இதழுக்கும் அது உண்டு. ‘இம்பாக்ட் ஃபாக்டர்’, அதாவது தாக்கக் காரணி (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) என்று ஆய்வுலகம் குறிப்பிடுவது கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுவதை. வேறு பெயர்களில் உலவும் எண்கள் காசுக்குக் கிடைப்பவை. உண்மையான மதிப்பீடு ஏழு நாளில் முடியாது. வேறு வேலைகளுக்கு நடுவே, பெரும்பாலும் ஊதியமில்லாமல், இரண்டு மூன்று பேர் உங்கள் கட்டுரையைப் படித்துக் குறிப்பு எழுதவேண்டும், மாதங்கள் ஆகும்.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. சந்தா முறையில் இயங்கும் உளவியல் இதழ்களில் பெரும்பாலானவை கட்டுரையாளரிடம் ஒரு பைசாவும் வாங்குவதில்லை. எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் திறந்த அணுக்க இதழ்கள் சில நேர்மையாகவே கட்டணம் கேட்கும். அத்தகைய இதழ், திறந்த அணுக்க இதழ்களைத் தொகுத்துத் தரும் டி.ஓ.ஏ.ஜே. என்ற பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஏற்ற இதழ்களின் ‘கேர்’ பட்டியலில் இருக்கிறோம் என்று யாராவது இப்போதும் விளம்பரம் செய்தால், அந்தப் பட்டியல் 2025-இல் கைவிடப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். பி.எச்டி. ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்கவேண்டும் என்ற கட்டாயத்தையும் யு.ஜி.சி. 2022 விதிமுறைகளில் நீக்கிவிட்டது. பல்கலைக்கழகங்கள் தம் அளவில் அதை வைத்துக்கொள்ளலாம் என்பதால், உங்கள் பல்கலைக்கழக விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் தோழிகளின் கட்டுரை இன்னும் வெளியாகவில்லை என்றால், விலக்கிக்கொள்வதாக மின்னஞ்சலில் எழுதி அதன் நகலை வைத்திருக்கட்டும். விலக்குவதற்கும் தனிக் கட்டணம் கேட்பார்கள். அதையும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: வெளிநாட்டு இதழ் ஒன்று என் கட்டுரையை மதிப்பீட்டாளருக்கே அனுப்பாமல் நான்கே நாளில் திருப்பிவிட்டது. கல்லூரியின் பெயர் பெரிதாக இல்லாததுதான் காரணமா? — உதவிப் பேராசிரியர், இராயபுரம்

பதில்: இருக்கலாம். 1982-இல் பீட்டர்ஸ், சேசி என்ற இருவர், புகழ்பெற்ற அமெரிக்க உளவியல் துறைகளைச் சேர்ந்தவர்கள் எழுதி ஏற்கெனவே அச்சான 12 கட்டுரைகளை, ஆசிரியர் பெயரையும் நிறுவனப் பெயரையும் கற்பனையாக மாற்றி, அவற்றை வெளியிட்ட அதே இதழ்களுக்கே அனுப்பிய கதையை வெளியிட்டார்கள். மூன்று மட்டுமே அடையாளம் காணப்பட்டன. மீதி ஒன்பதில் எட்டு நிராகரிக்கப்பட்டன. பலவற்றுக்குச் சொல்லப்பட்ட காரணம் செய்முறைக் குறைபாடு! அதனால், பெயர் மறைத்து மதிப்பிடும் இதழாகப் பார்த்து அனுப்புவது நல்லது.

ஆனால், நான்கு நாளில் திரும்பி வருவதற்கு, இதழின் எல்லைக்குள் பொருள் அடங்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். அந்த இதழின் கடந்த இரண்டு ஆண்டுக் கட்டுரைகளைப் புரட்டியிருந்தால் அது முன்பே தெரிந்திருக்கும். அரசு நிறுவனத்தில் பணியாற்றுபவர் என்றால், 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் ஏறத்தாழ 13,000 இதழ்கள் உங்களுக்குத் திறந்திருக்கும், நூலகரிடம் கேளுங்கள்.

இன்னொரு தடையும் உண்டு. உளவியல் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 விழுக்காட்டினர், உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடே வாழும் மேலை நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று ஹென்ரிக்கும் சக ஆய்வாளர்களும் 2010-இல் சுட்டிக்காட்டினார்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை ஆராய்ந்தவர், ‘ஏன் இவர்கள்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலே தப்பிவிடுகிறார். பழைய வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைப் பணியாளர்களை ஆராய்ந்தவர் தப்ப முடிவதில்லை. இது நியாயமில்லைதான். ஆயினும், நீங்கள் ஆராய்ந்த குழு, நீங்கள் எடுத்துக்கொண்ட கோட்பாட்டை எந்த இடத்தில் சோதிக்கிறது என்பதை முன்னுரையிலும் இதழாசிரியருக்கு எழுதும் கடிதத்திலும் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டால், திருப்பி அனுப்புவது எளிதாக இராது. ‘சைக்கலாஜிக்கல் ஸ்டடீஸ்’ போன்ற இந்திய இதழ்களுக்கு அனுப்புவதைத் தாழ்வாக நினைக்கவும் வேண்டாம்.

கேள்வி: தலைமையாசிரியை அனுமதி தந்ததால், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் தேர்வு பயம் குறித்த வினாநிரலை நிரப்பி வாங்கிவிட்டேன். இதழ் இப்போது நெறிமுறைக் குழு ஒப்புதல் எண்ணைக் கேட்கிறது. இனி வாங்கித் தர முடியுமா? — ஆசிரியை, திருவொற்றியூர்

பதில்: முடியாது. ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு நேராதா என்று பார்த்து அந்தக் குழு தரும் ஒப்புதல், தரவு திரட்டுவதற்கு முன் பெறவேண்டியது. முன்தேதியிட்டுத் தரும் குழு இருந்தால் அதனிடமிருந்து விலகியே இருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, 18 வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால் பெற்றோர் சம்மதம் தேவை. 12 வயதைக் கடந்த மாணவர்களின் எழுத்துபூர்வ இசைவும் அதனுடன் தேவை. தலைமையாசிரியையின் அனுமதி இவை எதற்கும் ஈடாகாது. நடந்ததை இதழுக்கு உள்ளபடி எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள். பள்ளி மாறாது, முறையான ஒப்புதலோடு அடுத்த ஆண்டு புதிய வகுப்பிடம் செய்யலாம்.

கேள்வி: நேரத்தை மிச்சப்படுத்த ஒரே கட்டுரையை இரண்டு இதழ்களுக்கு அனுப்பினால் என்ன? — ஆய்வாளர், பெரம்பூர்

பதில்: ஒரே சமயத்தில் ஓர் இதழ்தான். இரண்டு இதழ்களும் ஒரே மதிப்பீட்டாளரிடம் கட்டுரையைத் தருவது அரிதான நிகழ்வு அல்ல. இரண்டிடமும் பெயர் கெடும். மூன்று மாதம் கடந்தும் பதில் இல்லையென்றால், நிலை என்ன என்று ஆசிரியருக்குப் பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். அதற்கும் பதில் வராவிட்டால், விலக்கிக்கொள்வதாக எழுதி, அதற்கு ஒப்புதல் வந்த பிறகு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள்.